ஹோப் ஏறி முடித்ததும் கயிற்றை அவிழ்த்துவிடாதீர்கள்

புதியவர்களை வட வேல்ஸுக்கு அழைத்துப் போகும் மலையேற்றக் குழுக்களுக்கு,

வணக்கம். செப்டம்பர், அக்டோபர் வந்தால் நீங்கள் புது உறுப்பினர்களைச் சேர்த்துக்கொண்டு வேன் பிடித்து ஆக்வென் பள்ளத்தாக்குக்கு வருவீர்கள். ஏரிக்கரையோரம் அரைமணி நேரம் நடந்து இட்வால் ஸ்லாப்ஸ் என்ற சரிவான பாறைப் பரப்பின் அடியில் பைகளை இறக்கி வைப்பீர்கள். அங்கே நிறைய பேருக்கு முதல் பாறை ஹோப் என்ற ஏற்றம்தான். எனக்கும் அதுதான். அந்த ஏற்றத்தின் மேல் எனக்கு இன்றும் அவ்வளவு பிரியம் இருப்பதால்தான் இந்த மடல்.

முதல் பாறையாக ஹோப்பைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. சுவர் மாதிரி செங்குத்தாக நிற்காமல் சாய்ந்து கிடக்கும் பாறை, ஏறத்தாழ 140 மீட்டர். ஜிம்மில் கைபலத்தை நம்பியே ஏறிப் பழகியவர்கள் இங்கே வந்துதான் காலை நம்பக் கற்றுக்கொள்கிறார்கள். கயிறு மாட்டப் பாறையில் முன்பே அடித்துவைத்த போல்ட் கிடையாது. முன்னால் ஏறுகிறவர் விரிசல் பார்த்து நட்டோ கேமோ (விரிசலில் இறுகி நிற்கும் உலோகக் கருவிகள்) சொருகி அதில் கயிற்றை மாட்டிக்கொண்டே போக வேண்டும், பின்னால் வருகிறவர் அதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு பிட்ச் (ஒரே மூச்சில் ஏறும் ஒரு பகுதி) முடிவிலும் நின்று, கயிற்றைப் பாறையோடு பிணைக்கும் ஆங்கர் கட்ட இடம் இருக்கிறது, புதியவர் கட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்து, "இது இழுத்தால் வந்துவிடும், இன்னொன்று போடு" என்று சொல்லிக்கொடுக்கலாம். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

பக்கத்திலேயே ஃபெய்த், சாரிட்டி என்று இரண்டு ஏற்றங்கள் உண்டு. விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று நம் விவிலியத்தில் வரும் அதே மூன்றுதான். அதில் நம்பிக்கையை, அதாவது ஹோப்பை, 1915ல் முதலில் ஏறியவர்களில் ஒருவர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ், இலக்கிய விமர்சனம் படித்தவர்கள் கேள்விப்பட்டிருக்கும் அதே ரிச்சர்ட்ஸ். ஆனால் கயிற்றின் முன்முனையில் இருந்தவர் அவர் அல்ல, எமிலி டேனியல் என்ற பெண், ஈ.எச். யங் என்ற பெயரில் நாவல்கள் எழுதியவர். இன்றைக்கு நாம் சொருகும் கருவி எதுவும் இல்லாத காலம் அது. இதைப் புதிதாக வரும் பெண்களிடம் அடிவாரத்திலேயே சொல்லுங்கள், யாரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எவ்வளவு கடினம் என்று சொல்லும் அளவுகோலில் ஹோப்பின் தரம் 'வெரி டிஃபிகல்ட்', அதாவது 'மிகக் கடினம்'. பெயரைக் கேட்டுப் புதியவர்கள் மிரண்டு போவார்கள், உடனே நீங்கள் சிரித்துக்கொண்டே, "அது பழைய காலத்துப் பெயர், இன்றைக்கு அது ரொம்ப எளிது" என்று தைரியம் சொல்வீர்கள். சொன்னதில் தவறில்லை. ஆனால் அந்த 'எளிது' எதுவரை செல்லும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நூறு வருடத்துக்கும் மேலாக, ஆணி அடித்த பூட்ஸ் காலத்திலிருந்தே மிதிபட்டுத் தேய்ந்த பாறை அது. இரண்டாம் பிட்சில் வரும் இரட்டை விரிசலில் காலை வைத்தால் கண்ணாடி போல வழுக்கும், அதுவும் மழை நாளில் அது வேறொரு ஏற்றம். அதைவிட முக்கியம், நீங்கள் சொல்லும் தரம் ஸ்லாப்ஸின் உச்சியோடு முடிந்துவிடுகிறது. அந்த நாள் அங்கே முடிவதில்லை.

மேலே போய்ச் சேர்ந்ததும் எதிரே இன்னும் செங்குத்தான சுவர் நிற்கும். அங்கிருந்து நேராகக் கீழே நடந்துவிட முடியாது. இடப்பக்கமாக இன்னும் கொஞ்சம் மேலேறி, தேய்ந்து பளபளக்கும் பாறைப்படிகளைத் தாண்டி, குறுக்கே போய், அப்புறம்தான் இறங்கும் வழி வரும். பழகியவர்களுக்கு அது பாதை. கை நடுங்கிப் போய், வயிறு காய்ந்து, 'முடிந்துவிட்டது' என்று மனதைத் தளர்த்திவிட்ட புதியவருக்கு, அன்றைய நாளின் மிக ஆபத்தான இடம் அதுதான்.

என்னை முதன்முதலில் அழைத்துப் போன குழுவின் பெயரை எழுதப் போவதில்லை. அக்டோபர் மாதம், ஐந்து மணி தாண்டியிருக்கும். எங்களை வழிநடத்தியவர் உச்சியில் "இனி வெறும் நடைதான்" என்று சொல்லிக் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த கயிற்றில் வந்தவர்களைப் பார்க்கப் போய்விட்டார். தூறல் பிடித்துக்கொண்டது. அந்தத் தேய்ந்த படியில் என்னோடு வந்த தோழி ஒரு காலை வைத்தவள் அடுத்த காலை எடுக்க முடியாமல் பாறையோடு ஒட்டி நின்றுவிட்டாள். அழவில்லை, பேசவும் இல்லை, விரல் மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தது. அவள் இடுப்பில் ஹார்னஸ் இருந்தது, மாட்டக் கயிறுதான் இல்லை. பின்னால் வந்த முன்பின் தெரியாத இருவர் தங்கள் கயிற்றை எடுத்து அவளைக் கட்டி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருட்டில் கீழே கொண்டுவந்து சேர்த்தார்கள். எங்கள் மூவரிடம் இருந்தது ஒரே ஒரு ஹெட்டார்ச். அவள் அதற்குப் பிறகு பாறைப் பக்கமே வரவில்லை. ஏறும்போது எங்கள் எல்லோரையும்விட அழகாக ஏறியவள் அவள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

அந்தப் பள்ளத்தாக்கில் யாராவது சிக்கிக்கொண்டால் கயிற்றோடு ஓடி வருகிறவர்கள் ஆக்வென் பள்ளத்தாக்கு மலைமீட்புக் குழுவினர். 1965லிருந்து இருக்கும் குழு, எல்லோரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அவர்களைக் கூப்பிட 999 அழைத்துப் போலீசைக் கேட்டு, பிறகு மலைமீட்பு வேண்டும் என்று சொல்ல வேண்டும் என்பதுகூட அன்று எங்கள் யாருக்கும் தெரியாது.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். புதியவர்கள் இருக்கும் கயிற்றை அந்தப் படிகள் தாண்டும் வரை அவிழ்க்காதீர்கள், நேரமாகிறது என்று யாராவது முணுமுணுத்தாலும் சரி. ஆளுக்கொரு ஹெட்டார்ச் இல்லையென்றால் அந்த ஆளை ஏற்றாதீர்கள். ஏறும் ஷூவோடு ஈரப்புல்லில் இறங்குவது கொடுமை, சாதாரண ஷூவை ஹார்னஸில் தொங்கவிட்டுக்கொண்டு ஏறச் சொல்லுங்கள். ஒரு கயிற்றில் மூன்று பேர் என்றால் நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகும், காலையிலேயே தொடங்குங்கள். மழை வந்தால் பாதியில் ஒரு நட்டை விட்டுவிட்டுக் கயிற்றில் இறங்கி வர யாரும் வெட்கப்பட வேண்டாம், நட்டை இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

இன்னும் ஒன்று, இதற்குச் செலவே இல்லை. ஹார்னஸ் மாட்டும் முன்பு எல்லோரையும் ஸ்லாப்ஸின் இடப்பக்கமாக நிற்கவைத்து, மேலிருந்து யாராவது இறங்கி வரும் வரை காத்திருந்து, அவர்கள் எங்கே குறுக்கே திரும்புகிறார்கள், எங்கே உட்கார்ந்து காலை நீட்டுகிறார்கள் என்று கைநீட்டிக் காட்டுங்கள். பத்து நிமிடம் போதும். அதற்கப்புறம் ஹோப்பில் ஏற்றுங்கள்.

அன்புடன்,
அதே பாறையில் ஏறப் பழகிய ஒருத்தி