லீவைச் சேர்த்து வைக்காதே

கண்ணா,

நேற்று போனில் நீ கேட்டதற்கு அப்பா பக்கத்தில் விழித்திருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. "அப்பா இன்னும் இருக்கும்போதே எனக்கு அழுகை வருகிறது, என்னை நினைத்தால் எனக்கே கோபமாக இருக்கிறது" என்றாய். கோபப்பட இதில் ஒன்றுமில்லை. நோய் இன்னதென்று தெரிந்த அன்றைக்கே நம் வீட்டில் துக்கம் தொடங்கிவிட்டது. வண்டிச் சாவியை அவர் என்னிடம் கொடுத்தபோது ஒருமுறை அழுதேன். மாடி ஏறுவது நின்றபோது இன்னொரு முறை. கட்டில் வேறு அறைக்குப் போனதிலிருந்து, பேசிக்கொண்டே தூங்கிப்போகிற அந்தப் பழக்கமும் போய்விட்டது. ஆள் போன பிறகுதான் அழ வேண்டும் என்று யார் விதித்தது?

மருத்துவத்தில் இதை முன்கூட்டிய துக்கம் என்கிறார்கள். எரிக் லிண்டமன் என்ற மனநல மருத்துவர் 1944-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அதில் போர்முனையிலிருந்து திரும்பிய ஒரு சிப்பாய் வருகிறான். அவன் இனி வரமாட்டான் என்று மனைவி மனதுக்குள் முழுவதும் அழுது முடித்துவிட்டாள். அவன் உயிரோடு வந்து நின்றபோது அவளுக்கு ஒட்டவில்லை, விவாகரத்து கேட்டாள். படித்தபோது எனக்குத் திக்கென்றது. ஆனால் யோசித்துப் பார், அவள் தூரத்தில் இருந்தாள். பார்க்கவும் வழியில்லை, தொடவும் வழியில்லை. எனக்கு அப்படி இல்லை. காலையில் எழுந்ததும் அப்பாவுக்கு வாய் துடைக்க வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், மாத்திரைக்கு எழுப்ப வேண்டும். அழுகையும் வருகிறது, அவரும் இருக்கிறார். அந்த ஆபத்து எனக்கில்லை, தூரத்தில் இருக்கிற உனக்குத்தான். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

லீவைக் கடைசிக்கென்று சேர்த்து வைத்திருக்கிறேன் என்றாய் அல்லவா, அதை இப்போதே எடு. இப்போது அப்பா பேசுகிறார். மெதுவாகத்தான், நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டுதான், ஆனாலும் பேசுகிறார். கடைசி நாட்களில் பெரும்பாலானவர்கள் தூக்கத்திலேயே இருப்பார்களாம். சிலருக்கு நினைவு குழம்பி, எதிரில் நிற்பது யாரென்றே தெரியாமல் போகுமாம். அந்தக் கடைசி எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்டர்கள் கொடுக்கும் காலக்கணக்கு பெரும்பாலும் உண்மையைவிட நீளமாகவே இருக்கிறது என்று 2000-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் மனசு உண்டு. நீ அந்தக் கணக்கை நம்பி டிக்கெட் போடாதே என்பதற்காகச் சொல்கிறேன்.

வருவதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள், இல்லையென்றால் பார்த்ததும் பதறிவிடுவாய்.

சாப்பாடு ரொம்பக் குறைந்துவிட்டது. இரண்டு ஸ்பூன், சில வேளை அதுவும் இல்லை. சாப்பிடாததால் உடம்பு போகிறது என்று நமக்குத் தோன்றும். இந்தக் கட்டத்தில் அது தலைகீழ். உடம்பு அடங்கிக்கொண்டு வருவதால்தான் பசி போகிறது. வற்புறுத்தி ஊட்டினால் புரை ஏறும், நுரையீரலுக்குள் போனால் காய்ச்சலில் கொண்டுபோய் விடும். அவர் தலையைத் திருப்பிக்கொண்டால் விட்டுவிடுகிறேன். உதடு காயாமல் மட்டும் ஈரப் பஞ்சால் நனைத்துக்கொண்டே இருக்கிறேன்.

மார்ஃபின் கொடுக்கிறார்கள். அக்கா அந்தப் பெயரைக் கேட்டதுமே பயந்துவிட்டாள். வலிக்கு ஏற்றபடி அளந்து கொடுக்கும்போது அது சாவை விரைவுபடுத்துவதில்லை. மூச்சுத்திணறலுக்கும் அதுதான் உதவுகிறது. மலச்சிக்கல் மட்டும் பெரும்பாலும் வரும், அதற்குத் தனி மருந்து கூடவே போகிறது. வலி தொடங்கின பிறகுதான் மருந்து என்றால் அவர் படும் பாடு பார்க்க முடியாது. அதனால் நேரம் தவறாமல் கொடுத்துவிடுகிறோம். 1967-இல் லண்டனில், கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் பிடிவாதமாகச் சொன்னதும் இதைத்தான்: வலி திரும்பி வரும்வரை காத்திருக்காதே. எனக்கு அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அப்புறம் ஷேவிங். அதை மட்டும் அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. தலையணையை உயர்த்தி, கழுத்தில் துண்டைச் சுற்றி, வெந்நீரில் நுரை போடுகிறேன். கன்னம் உள்ளே ஒட்டிப்போனதால் பிளேடு ஓடுவதில்லை. அவரே நாக்கை உள்ளிருந்து தள்ளி, கன்னத்தை எனக்காக உப்பிக் கொடுக்கிறார். முதலில் இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம். கண்ணை மூடிக்கொண்டு, கை சொல்கிற இடத்தில் சரியாகத் தள்ளுவார். முடிந்ததும் புறங்கையால் தாடையைத் தடவிப் பார்த்து, மூக்குக்குக் கீழே விட்டுப்போன இடத்தைக் காட்டுவார். நீ வந்தால் அந்த வேலை உனக்கு. என்ன பேசுவதென்று தெரியாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீ தவிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அக்கா துக்கத்தின் ஐந்து நிலைகள் என்பதைப் பற்றி எங்கோ பார்த்து எனக்கு அனுப்பியிருந்தாள். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் எழுதியது, அதுவும் சாகப்போகிறவர்களிடம் பேசிப்பேசி எழுதியது. வரிசையாக வரும் என்று எண்ணிக் காத்திருக்காதே. இங்கே ஒரே மத்தியானத்துக்குள் ஐந்தும் வந்துபோகிறது, சில நாள் ஒன்றுமே வருவதில்லை. இப்போது அழுது தீர்த்துவிட்டால் பிறகு பாரம் குறையும் என்றும் கணக்குப் போடாதே. பிறகு வருவது வேறு, அது வரும்போது வரட்டும்.

இன்னொன்று. சில ராத்திரி, அவர் முனகிக்கொண்டே இருக்கும்போது, இது சீக்கிரம் முடிந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றும். உனக்கும் தோன்றியிருக்கும், வெளியே சொல்லமாட்டாய். அவர் போக வேண்டும் என்ற ஆசையில் வருவதல்ல அது. அவர் படுகிற பாடு நிற்க வேண்டும் என்பதுதான். நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பலருக்கும் அது வரும் என்று நர்ஸ் சொன்னார். நான் அதை உன்னிடம் சொல்லிவிட்டேன், நீயும் என்னிடம் சொல்லலாம்.

அப்பாவிடம் "ஒண்ணும் ஆகாதுப்பா" என்று மட்டும் சொல்லாதே. அவருக்கு எல்லாம் தெரியும். நாம் அப்படிச் சொன்னால் அவர் நமக்காக நடிக்க வேண்டியிருக்கும், அதற்கும் இப்போது அவருக்குத் தெம்பு இல்லை. கேள். முதல் வேலைக்குப் போன நாளைக் கேள், தாத்தாவோடு ஏன் சண்டை போட்டார் என்று கேள். நன்றி சொல்ல வேண்டியது இருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடு. மன்னிப்பு என்றாலும் அப்படியே.

நீ வந்து போன பிறகு, முடிவு உன்னில்லாமல் நடக்கலாம். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர் எழுந்துபோன அந்தக் கொஞ்ச நேரத்தில் உயிர் பிரிவதும் நடக்கிறதாம், எனக்கும் அப்படி ஆகலாம். அதை ஒரு குறையாக வைத்துக்கொள்ளாதே. நேரம் நெருங்கும்போது போனை அவர் காதருகே பிடிக்கிறேன், நீ பேசு. பதில் சொல்லாத நிலையில் இருப்பவர்களில் சிலருடைய மூளை அப்போதும் ஒலிக்கு இசைந்து இயங்குகிறது என்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2020-இல் காட்டியிருக்கிறார்கள். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரலாம், மூச்சு நின்று நின்று வரலாம். கேட்கிற நமக்குத்தான் அது பயங்கரம், அவருக்கு அதனால் பெரிய வேதனை இருக்காது என்கிறார்கள்.

பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. தாத்தா தூங்கப் போகிறார் என்று சொல்லி வைக்காதே, அப்புறம் அவள் தூங்கவே பயப்படுவாள். தாத்தாவுக்கு உடம்பு சரியாகாது, இறந்துபோவார் என்று அவளுக்குப் புரிகிற மாதிரி நேராகச் சொல்.

வருகிற தேதியை நீயே அப்பாவிடம் சொல்லிவிடு, என்னை விட்டுச் சொல்லச் சொல்லாதே. மத்தியானத் தூக்கம் முடிந்து எழுந்ததும் தெளிவாக இருப்பார். அந்த நேரத்தில் கூப்பிடு.

அம்மா