சிதைந்த காப்புப்பிரதியும் அவசரப் பழுதுபார்ப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்னஞ்சல் சர்வர்களைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவன் என்ற முறையில், தங்கள் நாளிதழின் வழியாக அலுவலக நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோளை வைக்க விரும்புகிறேன். சர்வர் பழுதாகி, அதன் காப்புப்பிரதியும் திறக்கவில்லை என்று தெரிந்தால், அந்தக் கோப்பை அப்படியே வேறொரு வட்டில் நகலெடுத்து முடிக்கும்வரை எவரையும் அதில் கைவைக்க விடாதீர்கள்.

நான் முன்பு பணியாற்றிய அலுவலகத்தில் இப்படி ஒரு நாள் வந்தது. மேலிடத்து நெருக்கடி தாங்காமல், கையில் இருந்த ஒரே பிரதியின் மீது கட்டாயப் பழுதுபார்ப்புக் கட்டளையை ஓட்டினோம். வேலை முடிந்ததாகத் திரையில் செய்தி வந்தது, அஞ்சல் பெட்டிகளும் திறந்தன. ஆனால் பல ஆண்டுகளின் கடிதங்களும் இணைப்புகளும் அவற்றில் இல்லை. அவற்றை மீட்டுத் தந்திருக்கக்கூடிய லாக் கோப்புகள் (மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவைப்பவை) பக்கத்து வட்டிலேயே பத்திரமாக இருந்தன என்பதை மறுநாள்தான் கவனித்தோம். அந்த வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை.

மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் எந்த மாற்றமும் முதலில் லாக் கோப்பில் எழுதப்பட்டு, அதன் பிறகே அஞ்சல்களைச் சேமிக்கும் தரவுத்தளக் கோப்பில் சேர்கிறது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் ஒவ்வொரு லாக் கோப்பும் 1 எம்பி அளவுடையது. சர்வர் திடீரென நின்றுவிட்டால் தரவுத்தளம் 'டர்ட்டி ஷட்டவுன்' நிலையில் இருப்பதாகக் காட்டும். இதைக் கண்டு கோப்பே கெட்டுவிட்டது என முடிவுகட்டுவோர் பலர். சேராத லாக்குகள் சில பாக்கியிருக்கின்றன என்பதே அதன் பொருள். தேவையான லாக்குகள் முழுமையாக இருந்தால் அவற்றை வரிசையாகச் சேர்த்து, ஒரு கடிதமும் இழக்காமல் மீளலாம். கட்டாயப் பழுதுபார்ப்போ, தரவுத்தளம் பிரிக்கப்பட்டிருக்கும் 'பக்கங்கள்' என்ற சிறு துண்டுகளில், சரிபார்ப்புத் தொகை (தரவு சிதைந்ததா என்று காட்டும் கணக்கு எண்) பொருந்தாதவற்றை அப்படியே நீக்கிவிடும். 2010 பதிப்பிலிருந்து ஒரு பக்கம் 32 கேபி என்பதையும், நீங்கிய பக்கத்தோடு அதைச் சார்ந்த தொடர்புகளும் அறுபடும் என்பதையும் நினைத்துப் பார்த்தால், அதை ஏன் கடைசி வழியாக வைக்க வேண்டும் என்பது விளங்கும்.

கடிதங்களை ஒரே கோப்பில் அடுத்தடுத்து எழுதிவைக்கும் எம்பாக்ஸ் வடிவில் சேமித்தவர்களுக்கு நிலைமை இதைவிட எளிது. அது வெறும் எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு கடிதமும் 'ஃப்ரம்' என்ற வரியில் தொடங்குவதால், நடுவே ஒரு பகுதி சிதைந்தாலும் அடுத்த தொடக்க வரியிலிருந்து மற்றவற்றைப் பிரித்தெடுத்துவிடலாம்.

2011 பிப்ரவரியில், மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் ஒரு சிறு பகுதியினரின் அஞ்சல்கள் மறைந்தபோது, இணையத் தொடர்பின்றித் தனியே வைத்திருந்த காந்த நாடாக்களிலிருந்துதான் கூகுள் நிறுவனம் அவற்றை மீட்டது. பல தரவு மையங்களில் பிரதிகள் இருந்தும், பிழை அவற்றையும் பாதித்திருந்தது. ஆகவே சர்வரோடு இணைந்தே இருக்கும் பிரதியை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

'காப்புப்பிரதி வெற்றிகரமாக முடிந்தது' என்று இரவுதோறும் வரும் செய்தி, எழுதும் வேலை முடிந்தது என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. மாதம் ஒருமுறையாவது அந்தப் பிரதியைத் தனிக் கணினி ஒன்றில் மீட்டு, ஏதேனும் ஓர் அஞ்சல் பெட்டியைத் திறந்து, பழைய கடிதம் ஒன்றை இணைப்போடு படித்துப் பார்க்கும்படி நிர்வாகிகள் எழுத்துப்பூர்வமாக உத்தரவிட வேண்டும். அதற்கான நேரத்தையும் வட்டு இடத்தையும் பராமரிப்பாளர்களுக்கு ஒதுக்கித் தர வேண்டும்.

இப்படிக்கு,
மின்னஞ்சல் சர்வர் பராமரிப்பாளர் ஒருவர்