பத்தா, இருபதா?

அன்புள்ள ஜெயந்திக்கு,

தீபாவளி வாழ்த்துக்குப் பதில் போடாததற்குத் திட்டுவதை இந்த வரியோடு முடித்துக்கொள். நைட் ஷிப்ட், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், சின்னவனுக்கு அம்மை. இப்போது எல்லோரும் சுகம். மாமியார் வழக்கம்போல்.

ஆபீஸில், அமெரிக்க மருத்துவ பில்லுக்குக் கோடு நம்பர் போடுகிற நம் வேலையில், என்னை அலர்ஜி டீமில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். "தும்மல் கேஸுக்கு என்னடி பெரிய கோடிங்?" என்பாய். குருவியும் அதையேதான் கேட்டாள். கேள்.

மகரந்தம், தூசிப்பூச்சி, பூனைப் பொடுகு என்று யாருக்கு எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதன் சாற்றைக் கிளினிக்கிலேயே கலந்து குப்பியில் வைத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஊசி போடுகிறார்கள். ஊசி போடுவதற்குத் தனிக் கோடு: ஒன்று என்றால் 95115, இரண்டோ நாலோ என்றால் 95117, அதுவும் ஒரே ஒரு தடவை. அதில் வம்பில்லை. வம்பெல்லாம் கலக்குவதற்கான 95165-ல்தான்.

குப்பி 10 சிசி. ஒரு தடவைக்கு அரை சிசி எடுத்தால் இருபது ஊசி வரும். பில்லில் எத்தனை யூனிட், அதாவது எத்தனை டோஸ், போடுவாய்? இருபதுதானே வாயில் வருகிறது? மெடிக்கேருக்கு, அதாவது அங்கே வயதானவர்களுக்கு அரசு தருகிற இன்சூரன்ஸுக்கு, பத்துதான். அங்கே டோஸ் என்றால் ஒரு சிசி. ஒரு குப்பிக்குப் பத்து என்று வைத்துத்தான் ரேட்டே போட்டிருக்கிறார்கள். மூலக் குப்பியிலிருந்து கொஞ்சம் எடுத்து நீர்க்க வைத்து ஆரம்ப ஊசிகளுக்கு வைத்துக்கொள்கிறார்களே, அந்த நீர்த்த குப்பிக்கு ஒரு பைசா கிடையாது. ஆனால் இந்தக் கோடுகளுக்கெல்லாம் மூலமான சிபிடி புத்தகத்தைத் திறந்தால், ஒரு ஊசியில் போகிற அளவுதான் டோஸ்! அதன்படி நடக்கிற தனியார் இன்சூரன்ஸுக்கு அதே குப்பி இருபது. தலையில் அடித்துக்கொண்டேன்.

எங்கள் கிளையன்டான ஒரு கிளினிக்கிலிருந்து மெடிக்கேருக்குப் போகிற கிளைம் (இன்சூரன்ஸுக்கு அனுப்புகிற பில்) எல்லாமும் இருபது, இருபதாகவே வருகிறது. உடனே தப்பு என்று சொல்லிவிடவும் முடியாது. பூஞ்சைச் சாற்றை மகரந்தத்தோடு சேர்த்து வைத்தால், பூஞ்சையிலிருக்கிற என்சைம் மகரந்தப் புரதத்தை அரித்துவிடும். அதனால் அதைத் தனிக் குப்பியில் கலக்குவார்கள். இரண்டு குப்பி என்றால் இருபது நியாயம்தான். ஒரே குப்பி என்றால்? கிளைமைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. எத்தனை குப்பி, எத்தனை சிசி, உள்ளே என்னென்ன என்று கலக்கிய அன்று எழுதின தாள் வேண்டும். கேட்டேன். வரவில்லை. எல்லாவற்றையும் ஹோல்டில் போட்டேன்.

டிஎல் (டீம் லீடர்) ஆடித் தீர்த்துவிட்டார். "கிளையன்ட் கொடுக்கிற யூனிட்டைப் போடு, நீ என்ன எஃப்பிஐயா?" என்றார். நம் மொட்டை சார் இருந்திருந்தால் இப்படிக் கேட்டிருப்பாரா? உள்நாட்டுப் போரில் பட்டாளத்துக்கு மட்டமான சரக்கு விற்றவர்களைப் பிடிக்க 1863-ல் லிங்கன் காலத்தில் போட்ட சட்டம், இன்றைக்கும் பொய்யான மெடிக்கேர் பில் மேல் பாய்கிறது. அரசுக்கு வந்த நஷ்டத்தைப்போல் மூன்று மடங்கு, அதற்கு மேல் கிளைம் ஒவ்வொன்றுக்கும் அபராதம். தெரிந்தே கண்ணை மூடிக்கொண்டாலும் மாட்டுவார்கள். இதைச் சொன்னால் அவர் டார்கெட் ஷீட்டைக் காட்டுகிறார்.

சட்டம் கிடக்கட்டும் ஜெயந்தி. மெடிக்கேரில் நூற்றுக்கு இருபது நோயாளியின் பங்கு. துணை இன்சூரன்ஸ் இல்லையென்றால் அவர் கைக்காசு. பத்துக்கு இருபது போட்டால், பென்ஷனில் காலம் தள்ளுகிற ஒரு பாட்டி கலக்காத மருந்துக்கும் சேர்த்துக் கட்டுவாள். எங்கள் அம்மாவின் கண்ணாஸ்பத்திரி பில்லை நான் வரி வரியாகப் பார்த்தேன். அந்தப் பாட்டிக்கு யார் பார்ப்பார்கள்?

திங்கட்கிழமை கம்ப்ளையன்ஸ் (விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கிற) ஆளோடு மீட்டிங். நீ ஆடிட்டில் இருந்தபோது கிளையன்டுக்கு ஒரு கேள்விக் கடிதம் எழுதினாயே, யாரையும் குற்றம் சொல்லாமல் தாளை மட்டும் கேட்டது. அது இருந்தால் பெயர்களை அடித்துவிட்டு அனுப்பு. ஞாயிறு ராத்திரிக்குள் வேண்டும். உன் வழக்கப்படி அடுத்த பொங்கலுக்கு அனுப்பாதே.

அன்புடன்,
கோமதி