குறட்டையையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' (கல்லீரலில் கொழுப்பு, முதல் நிலை) என்று வந்தவரிடம் குடிப்பழக்கம் உண்டா, எண்ணெய்ப் பலகாரம் அதிகமா என்றுதான் பெரும்பாலும் கேட்கிறோம். எத்தனை மணிக்குச் சாப்பிட்டு எத்தனை மணிக்குப் படுக்கிறார் என்று கேட்பது குறைவு.

கல்லீரலில் படியும் கொழுப்பில் பெரும்பங்கு அன்றைய எண்ணெயிலிருந்து வருவதல்ல. உடம்பில் ஏற்கெனவே சேர்ந்த கொழுப்பு கரைந்து ரத்தம் வழியே போய்ச் சேர்வது. அப்படிக் கரைவதை அடக்கி வைப்பது இன்சுலின். சில நாள் தொடர்ந்து 4, 5 மணி நேரம் மட்டுமே தூங்கினால் இன்சுலினின் பேச்சு எடுபடாமல் போகிறது. இரவு பத்தரைக்குப் பரோட்டாவும் சால்னாவும் என்றால் இன்னொரு சிக்கல். இருட்டிய பின் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன், கணையத்தின் இன்சுலின் சுரப்பைக் குறைக்கிறது. அதே இரண்டு பரோட்டா மதியத்தைவிட இரவில் சர்க்கரையை அதிகம் ஏற்றும். மிஞ்சுவதைக் கல்லீரல் கொழுப்பாக்கி வைத்துக்கொள்ளும். படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிக்கச் சொல்வது இதனால்தான்.

குறட்டை இதைவிடப் பெரிய விஷயம். குறட்டை விடும் சிலருக்குத் தூக்கத்தில் தொண்டை அடைத்து, மூச்சு 10 நொடியோ அதற்கு மேலோ நின்று, ஆக்ஸிஜன் இறங்கி ஏறுகிறது. தீவிரமானால் ஓர் இரவில் நூற்றுக்கணக்கான முறை. கொழுப்பு படிந்த கல்லீரல் தழும்பேறுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. சத்தமான குறட்டை, பகலில் அசதி, மூச்சு நின்றதை வீட்டில் யாராவது பார்த்திருப்பது, ரத்தக்கொதிப்பு, பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல், ஆணாக இருப்பது: இந்த எட்டில் மூன்று பொருந்தினால் ஸ்லீப் ஸ்டடி (தூங்கும்போது மூச்சையும் ஆக்ஸிஜனையும் பதிவு செய்யும் சோதனை) தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். மணிக்கு 15 முறைக்கு மேல் மூச்சு தடைப்பட்டால் வழக்கமாக சிபாப் கருவி (முகமூடி வழியே அழுத்தத்தோடு காற்றைச் செலுத்துவது) தருவார்கள். அது மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும். கல்லீரல் கொழுப்பைக் கரைத்துவிடும் என்று நம்பி வாங்கக் கூடாது. அதற்கு எடையில் 7 முதல் 10 சதவீதம் இறங்க வேண்டும். 80 கிலோ ஆளுக்கு ஆறிலிருந்து எட்டு கிலோ. தூக்கம் வர ஒரு 'பெக்' போடுவது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், கல்லீரலுக்கும் அடி.

நைட் ஷிஃப்ட்காரர்களிடம் பத்து மணிக்குத் தூங்கு என்று சொல்லிப் பயனில்லை. முழுச் சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன் 7 மணிவாக்கில் முடிக்கலாம். நள்ளிரவு முதல் 5 மணி வரை, பசித்தால் ஒரு கிண்ணம் சுண்டலோ மோரோ போதும். கேன்டீன் பிரியாணி வேண்டாம். சர்க்கரை போடாத காபி கல்லீரலுக்கு நல்லதுதான், ஆனால் ஷிஃப்டின் முதல் பாதியோடு நிறுத்த வேண்டும். விடிகாலை 4 மணிக் காபி, காலை 9 மணித் தூக்கத்தைக் கெடுக்கும்.

தூக்கத்தையும் கல்லீரலையும் இணைக்கும் ஆய்வுகளில் பல, இரண்டும் சேர்ந்து காணப்படுவதைத்தான் காட்டுகின்றன. எது முதலில் என்பதில் விவாதம் உண்டு. ஆனால் கேட்பதற்குச் செலவில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். அவர்களுடைய படிவத்தில் இரவுச் சாப்பாட்டு நேரம், குறட்டை என இரண்டு வரிகளைச் சேர்த்து, கழுத்தை அளக்கப் பையில் ஓர் இஞ்சு டேப்பும் கொடுக்கலாம். குறட்டைக் கேள்வியை மட்டும் நோயாளியிடம் கேட்காமல், அவர் பக்கத்தில் படுப்பவரிடம் கேட்கச் சொல்ல வேண்டும்.

— கல்லீரல் நோய் மருத்துவர், மதுரை