ரோஹன் படையில் எத்தனை பேர் மிஞ்சினார்கள்?

அம்மிணி,

லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் கதையில், கோண்டோர் நாட்டுத் தலைநகரை எதிரி முற்றுகையிட்டபோது நடந்த பெலனோர் சண்டையில், உதவிக்கு வந்த ரோஹன் நாட்டுக் குதிரைப்படை பாதிக்குப் பாதி அழிந்துபோச்சு என்று போனில் சொன்னாயே, அது எனக்கு ஒப்பவே இல்லை. இதைப் போனில் பேசித் தீர்க்க முடியாது, எண்களை வரிசையாக வைத்துப் பார்க்கணும், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ வாங்கிக் கொடுத்த லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் மூன்றாம் பாகத்தை மறுபடியும் எடுத்தேன். சண்டை நடக்கிற அத்தியாயத்தில் பிணக்கணக்கைத் தேடிப் புண்ணியமில்லை, டோல்கீன் அதை எழுதவே இல்லை. ஆனால் மறுநாள் தலைவர்கள் கூடிப் பேசுகிற இடத்தில், யார் எத்தனை பேரோடு எங்கே போகணும் என்று பிட்டுப் பிட்டு வைத்திருக்கிறார். மஞ்சள் மண்டியில் மூட்டை குறைந்தால் வந்த வரவையும் இப்போது கிடங்கில் இருப்பதையும் வைத்துத்தானே கண்டுபிடிப்போம், அதே வழிதான் இதற்கும்.

வந்தவர்கள் 6000. பத்தாயிரம் பேரை அனுப்பியிருக்கலாம், இப்போது ஆறாயிரமாவது என் பின்னால் வரும் என்று ரோஹன் ராஜா தியோடனே சொல்கிறார். சண்டைக்கு மறுநாள் ரோஹன் தளபதி எல்ஃப்ஹெல்ம் கையில் குதிரையோடு சண்டை போடத் தெம்புள்ளவர்கள் ஏறக்குறைய 3000. தியோடனுக்குப் பின் ராஜாவான எயோமரோடு, எதிரி நாடான மோர்டோரின் வாசலாகிய கருங்கதவுக்குக் கிளம்பும் குதிரைவீரர்கள் 500. குதிரை போய், ஆள் மட்டும் நன்றாக இருந்து நடந்தே வருகிறவர்கள் இன்னொரு 500. ஆக 4000 பேர் தெம்பாக நிற்கிறார்கள். துண்டு விழுவது 2000.

இந்த 2000 பேரையும் செத்தவர்கள் என்று எழுதிவிடாதே கண்ணு. இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். காயம்பட்டுப் படுத்துக் கிடக்கிறவர்கள் இதற்குள்தான் இருக்கிறார்கள், குதிரை இழந்தவர்களில் கூட்டிப் போகாமல் விட்டவர்களும் இருக்கலாம். எந்தச் சண்டையிலும் செத்தவரைவிடக் காயப்பட்டவர்தான் பெரும்பாலும் அதிகம். அதனால் என் மனசுக்குப் படுவது, செத்தவர்கள் ஆயிரத்துக்குப் பக்கம், ஆறில் ஒரு பங்கு. எதிரிப் பக்கம் நின்ற ஹராத் நாட்டு ஆட்கள் மட்டுமே ரோஹன் படையைப்போல் மூன்று மடங்கு என்று நீ கேட்பாய், உண்மைதான். அவர்களுடைய மூமாக் என்ற ராட்சச யானைகள் நின்ற பக்கம் குதிரைகள் போகவே மாட்டேன் என்று ஒதுங்கிவிட்டன, அங்கேதான் படை திணறியது. ஆனால் மிச்சமும் அழிவதற்குள் கோண்டோர் அரியணைக்கு வாரிசான அரகோர்ன் கப்பல்களில் வந்து இறங்கிவிட்டான்.

அந்த யானைகளிடம் போன டூயிலினையும் அவன் தம்பி டெருஃபினையும் நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. இவர்கள் கோண்டோர் பக்கத்து வில்லாளிகள். கண்ணைக் குறிவைத்து அடிக்கணும் என்றால் கிட்டப் போகணும், போனார்கள், மிதிபட்டுச் செத்தார்கள். அப்பன் டூயின்ஹிர் 500 வில்லாளிகளோடு இந்த ரெண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு வந்தவர். நம்ம பக்கம் அண்ணமார் கதையில் படுகளத்தில் விழுந்தவர்களைத் தண்ணீர் தெளித்து எழுப்பிவிடுவார்கள், ஊரே அழுதுகொண்டு பார்க்கும். அந்த அப்பனுக்கு அப்படி எழுப்ப யாரும் இல்லையே.

கோண்டோர் கணக்கை நான் போடவில்லை. வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு என்று இருக்கிறது, ஆனால் நகரத்துக்குள் முதலிலேயே எத்தனை பேர் இருந்தார்கள் என்பது இல்லை. வரவு தெரியாமல் எப்படிக் கழிப்பது? சும்மா ஒரு எண்ணைப் போட எனக்கு மனசு வராது.

அப்புறம், எல்லாப் படையும் சேர்த்துக் கருங்கதவுக்குக் கிளம்பியது 7000, போய் நின்றது 6000க்கும் குறைவு. இதைப் பார்த்துவிட்டு வழியில் ஆயிரம் பேர் மாண்டார்கள் என்று எழுதிவிடக் கூடாது. காவலுக்குக் கொஞ்சம் பேரை விட்டுப் போனார்கள். பயந்து கால் எடுத்து வைக்க முடியாமல் நின்றவர்கள் கொஞ்சம் பேர், ரோஹன் மேற்குப் பக்கத்து இளவட்டங்களும் கோண்டோரின் லாஸ்ஸார்னாக் பகுதி விவசாயிகளும். அரகோர்ன் அவர்களைத் திட்டவில்லை, இரக்கத்தோடு பார்த்து, வேறு ஒரு வேலை கொடுத்து அனுப்பினான், கெய்ர் ஆண்ட்ரோஸ் தீவைப் பிடிக்கச் சொல்லி. அவர்களும் மிஞ்சியவர்கள்தான், உன் கணக்கில் அவர்களை விட்டுவிடாதே.

இப்போது நீ தலைவர்கள் கூடிப் பேசுகிற அந்த அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொண்டு என் 4000 சரியா என்று பார். பாதி என்பதற்கு உன்னிடம் வேறு வரி ஏதாவது இருந்தால் பக்க எண்ணோடு அனுப்பு. அடுத்தது, ரோஹனில் இதற்கு முன் நடந்த ஹெல்ம்ஸ் டீப் சண்டையைச் சேர்ந்து பார்ப்போம்.

அப்பா