ஒப்ரிகாதோ: லிஸ்பன் நண்பர்களுக்கு ஒரு நன்றி மடல்

லிஸ்பனிலும் போர்ட்டோவிலும் எனக்கு உங்கள் பக்கத்தில் உட்கார இடம் கொடுத்த எல்லாருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. வந்து இறங்கியதிலிருந்து ஒன்பது நாள் நான் உங்கள் எல்லாரிடமும் 'ஒப்ரிகாதா' என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன். போர்த்துகீசியத்தில் நன்றி சொல்பவர் ஆண் என்றால் ஒப்ரிகாதோ, பெண் என்றால் ஒப்ரிகாதா. நான் அந்தச் சொல்லைப் பிடித்தது தங்கியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாவிடமிருந்து. அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். எத்தனையோ பேர் கேட்டிருப்பீர்கள், ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பத்தாம் நாள் பிரேசில்காரத் தோழிதான் பொறுக்க முடியாமல் சிரித்துவிட்டுத் திருத்தினார். அந்தச் சொல்லுக்குக் 'கடமைப்பட்டவன்' என்று பொருள் என்பதையும் அவர்தான் சொன்னார். சரி, அப்படியென்றால் இதைக் கடன் பட்டியல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் தமிழில்தான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் நான் ரொம்ப மரியாதைக்காரனாகிவிடுவேன், சொல்ல வந்தது வெளியே வராது. நான் போனில் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லத் தோழி போர்த்துகீசியத்தில் எழுதித் தருவதாக ஏற்பாடு. வழியில் எது உதிர்ந்தாலும் பழி எங்கள் இருவருக்கும். பெயர் போட வேண்டாம் என்று இரண்டு பேர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. அவரவர் இடம் வரும்போது அவரவருக்குத் தெரியும்.

நான் ஏன் வந்தேன் என்று உங்களில் பலருக்குச் சொல்லவே இல்லை. குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைவது என் தொழில். வருவதற்கு முந்தைய எட்டு மாதம் ஒரு படம்கூட முடிக்கவில்லை. பத்துக் கோடு போட்டால் பதினொரு கோட்டை அழிப்பேன். இடம் மாறினால் கை மாறும் என்று நம்பித்தான் பயணம் கிளம்பினேன். முதல் நான்கு நாளில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தேன், நானூறுக்கு மேல் போட்டோ எடுத்தேன், ஒன்றும் வரையவில்லை. ஊர் அழகாக இருந்தது என் தவறில்லை, ஆனால் அந்த அழகு எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. அல்ஃபாமாவில் சாந்தா லூசியா மேட்டில், மூடிய ஸ்கெட்ச் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டிருந்த பெரியவர் என் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் தன் தண்ணீர்க் கிண்ணத்தை எனக்கும் எட்டும்படி நகர்த்தி வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஐயா, அந்தக் கிண்ணத்தை நீங்கள் மறந்திருப்பீர்கள். என் பட்டியலில் முதல் கடன் அதுதான்.

நீங்கள் அத்தனை பேரும் நேரில் பார்த்து வரையும் 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' வழியைச் சேர்ந்தவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. 2007இல் சியாட்டில் நகரப் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் கம்பனாரியோ தொடங்கியது. அதன் இரண்டாவது உலகச் சந்திப்பு 2011இல் லிஸ்பனிலேயே நடந்ததைப் பெரியவர் பெருமையாகச் சொன்னார். என்னைப் பிடித்துப்போட்டது இந்த வரலாறு இல்லை, உங்கள் உட்காரும் முறை. இரண்டு மணி நேரம் யாரோடும் பேசாமல் இருந்தாலும் அங்கே அது மரியாதைக் குறைவு இல்லை. எனக்கு உங்கள் மொழி தெரியாதது முதல் முறையாக ஒரு குறையாகவே படவில்லை. இடையிடையே ஒருவர் எழுந்து வந்து அடுத்தவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பார், ஒரு 'ம்' போடுவார், போய்விடுவார். நண்பர்களாவதற்கு அந்த 'ம்' போதுமாக இருந்தது.

கடைசியில் எல்லாருடைய புத்தகங்களையும் தரையில் விரித்து வைத்தீர்கள். நான் என்னுடையதைப் பைக்குள் தள்ளப் பார்த்தேன். சிவப்புத் தொப்பி போட்டிருந்த அம்மா, பாதி வரைந்து பெரிதாகக் குறுக்கே அடித்திருந்த ட்ராம் படத்தைக் கூச்சமே இல்லாமல் நடுவில் வைத்தார். அதைப் பார்த்த பிறகு ஒளித்து வைப்பது அசிங்கமாகிவிட்டது. ஒருவரும் 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லவில்லை. 'எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள்?' என்றுதான் கேட்டீர்கள். பாராட்டியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் உண்மையான பதில் இருந்தது.

அடுத்தது டீச்சர். உங்களுக்குத்தான் நீளமாக எழுத வேண்டும்.

உங்கள் டைல்ஸ் பட்டறைக்கு என்னைக் கூட்டிவந்தது சிவப்புத் தொப்பி அம்மா. நீல வெள்ளை டைல்ஸைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்திருந்த சமயம். அசுலேஜு என்று நீங்கள் சொல்லும் அந்தச் சொல், மெருகேற்றிய சிறு கல் என்னும் பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து வந்தது, நீல நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஆரம்பித்தீர்கள். ஒருமுறை சுட்ட டைலின் மேல் வெள்ளை கிளேஸை, அதாவது சுட்டதும் கண்ணாடி போலாகும் பூச்சை, ஊற்றிக் காயவைத்துக் கொடுத்தீர்கள். தொட்டால் மாவு மாதிரி விரலில் ஒட்டியது. பொடிப்பொடியாகத் துளையிட்ட காகிதத்தை அதன்மேல் வைத்துக் கரித்தூள் பொட்டலத்தால் தட்டியதும் புள்ளிகளாக ஒரு கப்பல் இறங்கியது. புள்ளிகளைச் சேர்த்துத் தூரிகை இழுக்க வேண்டும், அவ்வளவுதான். தூரிகை பட்ட நொடியே கிளேஸ் ஈரத்தை உறிஞ்சிவிட்டது. தயங்கி நின்ற இடமெல்லாம் திட்டு. அழிக்கப் பார்த்தால் பூச்சே பெயர்ந்து வரும்.

பழக்க தோஷத்தில் பையிலிருந்து ரப்பரை எடுத்தேன். நீங்கள் கை நீட்டினீர்கள். கொடுத்தேன். டிராயரில் போட்டு மூடிவிட்டு அடுத்த டைலை என் முன்னால் வைத்தீர்கள். சிறு பையனைப் போல் ஒடுங்கிப்போனேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அன்று ஆறு டைல் வரைந்தேன். கோபால்ட் நிறக் கலவை சுடுவதற்கு முன் அழுக்குக் கறுப்பாக இருந்தது, எனக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை. ஏறக்குறைய ஆயிரம் டிகிரியில் சூளையில் இருந்துவிட்டு இரண்டு நாள் கழித்து வந்தபோது எல்லாம் நீலம். தயங்கி நின்ற திட்டுகள்தான் கப்பலுக்கு அடியில் அடர்ந்த தண்ணீராகியிருந்தன. அதைத் தற்செயல் என்று நான் சொன்னதற்கு, சூளைக்குத் தெரியும் என்றீர்கள். (அது சும்மா சொன்னது என்று நினைக்கிறேன். இருந்தாலும் நன்றாகத்தான் இருந்தது.)

அப்புறம் டைல்ஸ் அருங்காட்சியகம். 1509இல் ராணி லியோனோர் நிறுவிய மடத்தில் இருப்பது. 1755 நிலநடுக்கத்துக்கு முந்தைய லிஸ்பனைக் காட்டும் 23 மீட்டர் நீளச் சித்திரத்தின் முன்னால் எல்லாரும் நின்றார்கள், நானும் நின்றேன். நீங்கள் என் கையைப் பிடித்து, டைலுக்கு ஒரு உருவம் மட்டும் இருக்கும் பழைய துண்டுகளின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். ஒரு பறவை. ஒரு வீடு. ஒரு பூ. கால் கோணலான ஒரு நாய். இவற்றைப் பெரும்பாலும் தொழில் பழகும் பையன்கள்தான் வரைந்தார்கள் என்றீர்கள். அந்த நாயைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றேன். மூன்று கால் ஒரு பக்கம் போகிறது, நான்காவது வேறெங்கோ போகிறது. அழித்திருந்தால் அது ஒழுங்கான நாய் ஆகியிருக்கும், நான் கடந்து போயிருப்பேன்.

மழை நாளில் என்னை இன்டென்டென்ட் மெட்ரோ நிலையத்துக்குக் கூட்டிப்போய் ஓவியர் மரியா கெய்லின் டைல்ஸ் சுவர்களைக் காட்டிய பெரியவருக்கும் நன்றி. டைல்ஸை ஓவியர்கள் மதிக்காத காலத்தில் கெய்ல் அதைக் கையில் எடுத்ததாகச் சொன்னீர்கள். நிறைய சொன்னீர்கள். ரயில் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

போர்ட்டோ போகும் ரயிலில் ஸ்கெட்ச் புத்தகத்தை இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். போர்ட்டோவின் கம்பான்யா நிலையப் பிளாட்பாரத்தில் அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்த கல்லூரி மாணவிக்கு நான் மூச்சிரைக்க நன்றி சொன்னேன், சரியான விகுதியோடு. தங்கையே, அடுத்த ரயிலில் சாவோ பென்டோ நிலையம் வரை கூடவே வந்தாய். அந்த மண்டபத்தில் ஜோர்ஜ் கொலாசோ வரைந்த இருபதாயிரம் டைல்ஸ் இருக்கின்றன என்று எல்லாக் கையேடும் சொல்லும். எல்லாரும் படமெடுக்கும் நீலப் போர்க் காட்சிகளை விட்டு, மேலே ஓடும் வண்ணப் பட்டையைக் காட்டினாய். வண்டிகளின் வரலாறு, கடைசியில் ரயில். தினமும் அதைப் பார்த்துத்தான் நேரம் போக்குவேன் என்றாய். நான் அங்கே இரண்டு நாள் உட்கார்ந்ததற்கு நீதான் காரணம்.

இப்போது என் மேசையில் பதினான்கு சென்டிமீட்டர் சதுரங்களாக முப்பத்தொரு படங்கள் இருக்கின்றன. ஒன்றில் ஒரு கிண்ணம், ஒன்றில் சிவப்புத் தொப்பி, ஒன்றில் பாதி ட்ராம். ஒவ்வொன்றும் ஒரே தடவையில் வரைந்தது. இவற்றைக் கோத்து ஒரு குழந்தைகள் புத்தகமாக்கப் பார்க்கிறேன். பதிப்பாளர் இன்னும் பதில் சொல்லவில்லை. டீச்சர், ரப்பர் உங்களிடமே இருக்கட்டும்.

ஒரே ஒருவருக்கு மட்டும் இந்த மடல் போய்ச் சேர வழியில்லை. சாந்தா கிளாரா மைதானத்தின் ஃபெய்ரா த லாத்ரா சந்தையில் பழைய சாவிகள் விற்பவர். பக்கத்துக் கடையில் ஒரு நாய் டைலை வாங்கப் போனேன். அவர் தலையை ஆட்டினார், டைலைத் திருப்பி, பின்னால் புதிதாக உடைந்த காரையைக் காட்டினார். 'காசா' என்றார். வீடு. யாரோ வீட்டுச் சுவரிலிருந்து சமீபத்தில் பெயர்த்தது. டைல்ஸ் பதித்த வீட்டு முகப்புகளைக் காக்க 2017இல் நாடு முழுக்கச் சட்டமே வந்திருக்கிறது என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். அவர் என் கையிலிருந்த பென்சிலைச் சுட்டி, காற்றில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். பக்கத்துக் கடைக்காரர் முறைத்தபடியே இருந்தார்.

செவ்வாயும் சனியும் சந்தை. உங்களில் யாராவது அந்தப் பக்கம் போனால் அவரிடம் சொல்லுங்கள்: நாயை வரைந்துவிட்டேன், நான்காவது கால் அவர் பக்கமாகப் போகிறது.

உங்களுக்குக் கடமைப்பட்டவன்,
மடக்கு நாற்காலி இல்லாமல் தரையில் உட்கார்ந்தவன்