செயலரம்மாவுக்கு ஒரு கிளார்க் எழுதுவது

அன்புள்ள செயலரம்மாவுக்கு,

போன வாரம் நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று முறை கேட்டேன். போர்வெல் மோட்டார் எரிந்துபோய், காலை ஆறு மணிக்கே குடத்தோடு வந்து உன் வாசலில் நின்றார்கள் என்று நீ சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு பாட்டி உன்னைத் திட்டுவதும் சேர்ந்து பதிவாகியிருக்கிறது, அதைக் கேட்டுத்தான் அதிகம் சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதே. அதே வாரம் எனக்கும் ஒரு போன் வந்தது, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு. விளையாட்டுத் திடல் ஓரத்தில் நாய்க்கழிவு போடும் தொட்டி நிரம்பி வழிகிறதாம், கவுன்சில் தூங்குகிறதா என்று ஒரு பெரியவர் கேட்டார். கவுன்சில் தூங்கவில்லை, தோசை சுட்டுக்கொண்டிருந்தது. நீ உன் ஊராட்சிக்குச் செயலர் மாதிரி, நான் இங்கிலாந்தில் ஒரு கிராமத்துப் பாரிஷ் கவுன்சிலுக்குக் கிளார்க்; இங்கே கவுன்சில் என்றால் பாதி நாள் நான் ஒருத்திதான்: வாரத்துக்கு எட்டு மணி நேரச் சம்பளம், சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை, ஒரு லேப்டாப், பூட்டுப் போட்ட ஓர் இரும்பு அலமாரி.

நீ கேட்டிருந்தாய், பாரிஷ் என்றால் நம்மூரில் சர்ச்சின் பங்கு, பங்குச் சாமியார். நீ எப்போதடி ஞானஸ்நானம் வாங்கினாய் என்று. வாங்கவில்லை. ஒரு காலத்தில் இங்கே ஊர்க்காரியமும் சர்ச் காரியமும் வெஸ்ட்ரி என்கிற ஒரே கூட்டத்தில் நடந்தன, ஏழைகளுக்குப் படியளப்பது முதல் ரோட்டைப் பார்த்துக்கொள்வது வரை. 1894இல் கிளாட்ஸ்டன் அரசு கொண்டுவந்த சட்டம் ஊர்க்காரியத்தைத் தனியே பிரித்து, ஓட்டு வாங்கி வந்தவர்கள் கையில் கொடுத்தது. பெயர் மட்டும் பழையதே நின்றுவிட்டது. அதனால் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க நாள் கேட்டு எனக்கு இன்றைக்கும் ஈமெயில் வரும், நானும் பாதிரியாருக்கு அனுப்பிவைப்பேன். அவருக்குப் போகும் பாதிக் கடிதங்கள் பள்ளம் விழுந்த ரோட்டைப் பற்றியவை, அவர் எனக்கு அனுப்புவார்.

ரோடும் எங்களுடையது இல்லை என்பதுதான் வேடிக்கை. எங்களுக்கு மேலே டிஸ்ட்ரிக்ட் கவுன்சில், அதற்கும் மேலே கவுண்டி கவுன்சில். குப்பை அள்ளுவது, வீடு கட்ட அனுமதி, வரி வசூல் டிஸ்ட்ரிக்ட்; ரோடு, பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு கவுண்டி. எங்களுக்கு மிஞ்சியது திடல், ஊஞ்சல், நான்கு பெஞ்சு, ஒரு பஸ் நிழற்குடை, பதினோரு தெருவிளக்கு, அறிவிப்புப் பலகை, காய்கறி போட வாடகைக்கு விடும் நிலம், கல்லறைத் தோட்டம். தண்ணீர் இல்லை, வீடு கட்டும் திட்டம் இல்லை, நூறு நாள் வேலை இல்லை. டெண்டர் என்று பார்த்தால் புல் வெட்டுவது ஒன்றுதான். அதனால் பதவிக்கு அடிதடியும் இல்லை. தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் ஊராட்சிகளிலும் தலைவர் பதவிக்கு எப்படி மோதுவார்கள் என்று நீ பார்த்தவள். எங்கள் ஊரில் போன தேர்தலில் ஏழு இடத்துக்கு நான்கு பேர்தான் மனுப் போட்டார்கள், ஓட்டுப் பெட்டியே வைக்கவில்லை. மீதி மூன்று பேரை இருக்கிறவர்களே கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு கோ-ஆப்ஷன் என்று பெயர். சம்பளம் கிடையாது. ஊரில் அல்லது மூன்று மைலுக்குள் ஒரு வருஷம் குடியிருந்தால் போதும், இங்கேயே நிரந்தரமாகத் தங்க அனுமதி இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்காரரும் வரலாம். என் வீட்டுக்காரரைக்கூடக் கேட்டார்கள். வீட்டில் கிளார்க் சொல்வதைக் கேட்பதே போதும் என்று மறுத்துவிட்டார்.

ஜூம் கூட்டத்தில் ஒரு பெண்மணியைப் பார்த்து உனக்கு இங்கே அதிகாரமே இல்லை என்று ஒருவர் கத்துவார், அந்தப் பெண்மணி அவரை அலட்டாமல் வெளியே தள்ளிவிடுவார், அந்த வீடியோ உனக்கும் வந்திருக்குமே. அது ஹேண்ட்ஃபோர்த் பாரிஷ் கவுன்சில், 2020 டிசம்பரில் நடந்த கூட்டம், 2021 பிப்ரவரியில்தான் உலகமெல்லாம் பரவியது. ஜாக்கி வீவர் என்று அவர் பெயர். ஊரே சிரித்தது. என்னைப் போன்ற கிளார்க்குகள் மட்டும் ஓடிப்போய் நடைமுறை விதிப் புத்தகத்தைப் புரட்டினோம், நாளைக்கு நமக்கு நடந்தால் என்ன செய்வது என்று. கொரோனா சமயத்துக்கு மட்டும் கொடுத்த அந்த ஆன்லைன் அனுமதி 2021 மே மாதத்தோடு முடிந்துபோனது, மறுபடி மண்டபம், ஹீட்டர், ஆளுக்கொரு மூடி போட்ட டீக்கோப்பை.

கூட்டம் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு மணி. உறுப்பினர்களுக்கு நான் அனுப்பும் அழைப்புக்குச் சட்டத்தில் சம்மன் என்றே பெயர். முதல் தடவை அதில் கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது, என்னவோ ஏழு பேரையும் கோர்ட்டுக்கு இழுப்பதுபோல. முழுசாக மூன்று நாள் இடைவெளி வேண்டும், ஒட்டுகிற நாளும் கூட்ட நாளும் ஞாயிறும் கணக்கில் வராது, ஆக செவ்வாய்க் கூட்டத்துக்கு வியாழனுக்குள் பலகையில் ஒட்டியாக வேண்டும். ஆறு மாதம் கவுன்சில் ஏற்றுக்கொண்ட காரணம் இல்லாமல் ஒருவர் வராவிட்டால் பதவி தானாகப் போய்விடும். மூன்று பேராவது இருந்தால்தான் கூட்டமே கூடும், பனிக்காலத்தில் ஏழேகால் மணிவரை அந்த மூன்றாவது ஆளின் கார் விளக்குக்காக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன், கேள். மே மாதம் புல்லை வெட்டாமல் விடுங்கள், பூ பூக்கட்டும், வண்டு வரட்டும் என்று இங்கே ஓர் இயக்கம் உண்டு. நல்ல விஷயம்தான். கல்லறைத் தோட்டத்திலும் விட்டோம். மூன்றாவது வாரம் முழங்கால் உயரப் புல், நடுவில் டெய்ஸி, காட்டுப் பட்டர்கப் என்று மஞ்சளும் வெள்ளையுமாக, பார்க்க அழகு. அடுத்த கூட்டத்துக்கு இருபத்திரண்டு பேர் வந்துவிட்டார்கள், வழக்கமாக வருவது இரண்டு பேர், அதில் ஒருவர் ஹீட்டருக்காக வருகிறார் என்று எனக்குச் சந்தேகம். ஒரு அம்மா எழுந்து, என் வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை, ஊன்றுகோலால் புல்லை விலக்கி விலக்கித் தேடினேன் என்றார். அவர் உட்கார்ந்ததும் ஒரு இளைஞர் எழுந்து, இந்த நாட்டில் பூப் புல்வெளி கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டது, கல்லறைத் தோட்டத்தில்தான் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றார். இரண்டும் உண்மை. பொதுமக்கள் பேச பதினைந்து நிமிஷம் என்று விதி, சேர்மன் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டு எல்லோரையும் பேசவிட்டார், எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான். கடைசியில் புதுக் கல்லறை வரிசைகளிலும் நடைபாதையிலும் வெட்டுவது, நூறு வருஷமாக யாரும் வராத மேற்கு மூலையை ஆகஸ்ட் வரை விட்டுவிடுவது என்று முடிந்தது. மினிட்ஸில் நான் எழுதியது ஒரே வரி. யார் என்ன பேசினார் என்று எழுதக் கூடாது, என்ன தீர்மானம் என்பதுதான். உன் தீர்மான நோட்டும் அப்படித்தானே? ஊன்றுகோல் எதிலும் வராது.

அப்புறம் பணம். எங்களுக்கு வேண்டியதை ஜனவரியில் கணக்குப் போட்டு டிஸ்ட்ரிக்டிடம் சொன்னால் அவர்கள் வீட்டு வரியோடு சேர்த்து வசூலித்துக் கொடுத்துவிடுவார்கள், பிரிசெப்ட் என்பார்கள். வசூலுக்கு வீடு வீடாக நடக்கும் வேலை எனக்கு இல்லை, அதில் நீ என்மேல் பொறாமைப்படலாம். ஒரு வீட்டுக்கு வருஷம் 60 பவுண்டு சுமாராக எங்கள் பங்கு, மொத்தம் 18,000 சொச்சம். கணக்கை ஊர்க்காரர் யாரும் பார்க்கலாம், வருஷாவருஷம் முப்பது வேலை நாள் அதற்காகத் திறந்து வைக்கவேண்டும். தவறாமல் ஒருவர் வருவார். டீ குடித்துக்கொண்டே ஒவ்வொரு ரசீதாகப் புரட்டுவார். போன வருஷம் ஒரு பூட்டு 14 பவுண்டா என்று கேட்டார், அவ்வளவுதான். அவர் வருவது எனக்குப் பிடித்திருக்கிறது.

வீட்டு மனைக்காரர்களிடம் படும் பாடு தனி. யாராவது புதுவீடு கட்ட விண்ணப்பித்தால் 21 நாளைக்குள் எங்கள் கருத்தைச் சொல்லலாம், கருத்து மட்டும்தான், முடிவு டிஸ்ட்ரிக்ட் கையில். ஆனால் வீடு எழும்பிவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கடையில் முகத்தைத் திருப்பிக்கொள்வது என்னைப் பார்த்துத்தான். எங்கள் வேலை இல்லை என்று சொல்வதை நான் இரண்டாவது வருஷமே நிறுத்திவிட்டேன். பள்ளம் என்று யார் சொன்னாலும் போய் ஒரு அளவுகோலை உள்ளே வைத்துப் படம் எடுத்து கவுண்டிக்கு அனுப்பி, புகார் எண்ணைச் சொன்னவருக்குக் கொடுத்துவிடுவேன். ரோடு அதனால் சீக்கிரம் சரியாகிவிடாது. ஆனால் எண் கையில் இருந்தால் ஆட்கள் ராத்திரியில் போன் செய்வதில்லை.

நான் நிஜமாகவே பயந்து செய்யும் வேலை கல்லறைத் தோட்டம்தான். இறுதிச் சடங்கை ஏற்று நடத்தும் ஃபியூனரல் டைரக்டர் போன் செய்வார், எந்த இடம் என்று. தோட்டத்தின் பழைய துணி வரைபடம் ஒன்று அலமாரியில் இருக்கிறது, கட்டம் கட்டமாக எண் போட்டது, அதை மேசையில் விரித்துப் பார்த்துவிட்டு மழையோ பனியோ நேரில் போய் முளைக்குச்சி அடித்துவிட்டு வரவேண்டும், குழி வெட்டுகிறவர் அந்தக் குச்சியை நம்பித்தான் வெட்டுவார். பதிவாளர் கொடுக்கும் தாள் கைக்கு வராமல் அடக்கம் செய்ய விடக்கூடாது, அடக்கம் முடிந்து 96 மணி நேரத்துக்குள் அதன் ஒரு துண்டைத் திருப்பி அனுப்பவேண்டும், பதிவேட்டில் எழுதவேண்டும். பக்கத்து இடத்தை முன்கூட்டியே வாங்கி வைக்கலாம். உரிமை அதிகபட்சம் நூறு வருஷத்துக்கு, நிலம் விற்பதில்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு தாத்தா வந்தார். மனைவி போய் இரண்டு மாதம். பக்கத்து இடத்துக்குப் பணம் கட்டவேண்டும் என்றார். படத்தைப் பார்த்தால் மனைவியின் வலதுபக்கம் காலி, நான் அதைக் காட்டினேன். இடதுபக்கம் முடியாதா என்றார். ஏன் என்று கேட்டிருக்கக்கூடாது, கேட்டுவிட்டேன். ஐம்பத்தோரு வருஷமாக அந்தப் பக்கம்தான் படுத்தேன் என்றார். இடதுபக்க எண்ணை எனக்கு முன்னால் இருந்த கிளார்க் யாருக்கோ ஒதுக்கியதாகப் படத்தில் பென்சில் குறி இருந்தது, பதிவேட்டில் அப்படி எதுவும் இல்லை. இரண்டு ராத்திரி உட்கார்ந்து 1970களிலிருந்து ரசீதுக் கட்டுகளைப் புரட்டினேன். என் எட்டு மணி நேரத்தில் அது சேராது. கடைசியில் பார்த்தால் எதிர் வரிசைக்குப் போட்ட குறி, தவறிப்போய் இந்தக் கட்டத்தில் விழுந்திருக்கிறது. தாத்தாவுக்கு உரிமைப் பத்திரம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி மடித்து, கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு, பிளம் ஜாம் ஒரு பாட்டில் கொடுத்தார். அன்பளிப்புப் பதிவேட்டில் எழுதவேண்டிய தொகைக்கு அது வராது, ஆனாலும் சேர்மனிடம் சொல்லிவிட்டேன். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

குடியரசு தின கிராம சபைக்கு நீ தயாராகிக்கொண்டிருப்பாய். தலைவர்கள் காலம் 2025 ஜனவரியில் முடிந்து உன் ஊராட்சி தனி அலுவலர் கைக்குப் போனபிறகு மைக்கைப் பிடித்துப் பதில் சொல்வதும் நீயே என்றாயே, இப்போதும் அப்படித்தானா? எங்களுக்கும் மார்ச்சுக்கும் ஜூன் 1க்கும் நடுவில் ஒரு ஊர்க்கூட்டம் உண்டு, ஓட்டுரிமை உள்ள யாரும் வந்து பேசலாம். போன தடவை ஒன்பது பேர், பிஸ்கட் மிஞ்சியது.

மோட்டார் ஓடுகிறதா, அந்தப் பாட்டி சமாதானமாகிவிட்டாரா என்று எழுது. நான் இப்போது கிளம்பவேண்டும், இன்றைக்கு வியாழன், அஜெண்டா ஒட்டவேண்டும், பலகையின் பூட்டு குளிரில் இறுகிக் கிடக்கிறது. நேற்று நம்மூர்ப் புத்தியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டேன். அது உள்ளேயே உறைந்து, சாவி இப்போது பாதியில் நிற்கிறது. புதுப் பூட்டு வாங்கினால் அந்த ரசீதுக்காரர் கேட்பார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி